உள்ளபடி சார்

“கடந்த பன்னிரண்டு மாதங்களில் தாங்கள் பணியின்போது விபத்து எதற்கேனும் உள்ளானீர்களா?”

சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஓர் இரும்புப் பட்டறையின் வாசலில் நின்றுகொண்டு சார் இப்படிக் கேட்டார். பட்டறைக்காரப் பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தலையைச் சாய்த்துக் கேட்டவர் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“உள்ளானா? பங்குனியில உள்ளானுக்கு எங்க போக? வயல்ல தண்ணி கெடந்தால்லா அந்தக் குருவி எறங்கும். மார்கழியில வாங்க சார், சுட்டே தாரேன்.”

சார் முகம் மாறவில்லை. தாளில் முதல் வார்த்தைக்குக் கீழே மறுபடியும் கட்டைவிரலை வைத்து, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில், அதே கேள்வியை இன்னொரு முறை படித்தார்.

“இல்ல சார், இப்பக் கெடையாது” என்றார் பெரியவர், வருத்தத்தோடு.

சார் ‘இல்லை’ என்று எழுதினார்.

பெரியவரின் இடது கை விரல்கள் இரண்டில் துணி சுற்றியிருந்தது. சம்மட்டி இறங்கிய விரல்கள் என்பது பார்த்த உடனே தெரிந்தது. தெருவுக்கு வந்ததும் நான், “சார், அவரு குருவியச் சொல்லுதாரு” என்றேன்.

“தெரியுது.”

“அப்பொறம் எதுக்கு இல்லைன்னு எழுதுனீங்க?”

“இல்லன்னுதான சொன்னாரு?”

அவர் எங்கள் மேற்பார்வையாளர். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில் எங்கள் சிலருக்குத் தற்காலிக வேலை கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய், வேலை செய்யும் இடத்தில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதி வர வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. புதுப் பேனா, தோளில் அரசாங்கப் பை, பையில் நாட்டுக்கே உரிய கணக்கு. வண்ணார்பேட்டையில் பஸ் ஏறும்போது நடத்துநர் வழிவிட வேண்டும் என்றுகூட எதிர்பார்த்தேன். வழிவிடவில்லை.

முதல் நாளே அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. “பெரிய மில்லுல ஒருத்தனுக்குக் கை போனா, ரெண்டு நாளைக்கு மேல அவன் வேலைக்கு வரலன்னா, முதலாளி அரசாங்கத்துக்கு எழுதிப் போடணும். அது சட்டம். அந்தக் கணக்கு மேல போயிரும். ஆனா நாலு பேர் வேல பாக்குற நெல்லு மில்லு, சூளை, பட்டறை, இவங்களுக்கெல்லாம் யாரு எழுதிப் போடுவா? ஒருத்தனும் இல்ல. அதுக்குத்தான் நாம நேரா வீட்டுக்கே போறோம். நாம எழுதலன்னா, இந்த நாட்டைப் பொறுத்தவரை அவங்களுக்கு ஒண்ணுமே ஆகல.”

கடைசி வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் அப்பா வேலை பார்த்தது அப்படி ஒரு நெல் மில்லில்தான். அதற்கு முந்திய ஐப்பசியில் ஓடுகிற பெல்ட் அவர் கையை இழுத்து, இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டது. அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. அப்பாவைப் போன்றவர்களை இந்தக் கணக்கில் ஏற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இவ்வளவு நன்றாகப் பேசுகிற மனிதர்தான் அதற்குக் குறுக்கே நிற்கப் போகிறார் என்று தெரியாது.

முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான், நெற்றியில் அளந்து இழுத்தது போல மூன்று பட்டைத் திருநீறு. கேள்விகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் ஒருநாளும் மனப்பாடமாகச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு வாசலிலும் தாளைப் பிரித்து, விரல் வைத்துத்தான் படிப்பார். “மனசு வார்த்தைய மாத்திரும்மா. தாளு மாத்தாது.” எங்களுக்கு அவர் கொடுத்த ஒரே புத்திமதி, “அச்சுல உள்ளபடி கேளு.” அதனால் எங்களுக்குள் அவர் ‘உள்ளபடி சார்’.

வேலைக்கு மட்டும்தான் இப்படி என்றால் பொறுத்துப் போயிருப்பேன். வண்ணார்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எங்களை ஒருநாள் கூட்டிப்போனார். வடை தீர்ந்துவிட்டது, போண்டா இருக்கிறது என்றார் பரிமாறியவர்.

“போர்டுல போண்டா இல்லியே.”

“வடை மாவுதான் அண்ணாச்சி. உருட்டிப் போட்டிருக்கு, அவ்வளவுதான்.”

“உருட்டினா அது வேறல்லா வே?”

“வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, வயிறு என்ன போர்டா பாக்குது?”

சார் வடையும் இல்லாமல், போண்டாவும் இல்லாமல், இட்லியை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார். நாங்கள் போண்டா தின்றோம். அதையும் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

எரிச்சலின் நடுவே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு சில மேற்பார்வையாளர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே ஊரை எழுதி முடித்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. இவர் அப்படி இல்லை. பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் போவார். நாய் துரத்தினால் தெருமுனை வரை ஓடிவிட்டுத் திரும்பி வருவார். ஒரு பதிலைக்கூட அவர் தானாக எழுதியதில்லை. அதனால் அவரைத் திட்டவும் முடியாது. நேர்மை இல்லாத மனிதரோடு சண்டை போடுவது சுலபம்.

கோளாறு முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் விபத்து என்றால் பஸ் கவிழ வேண்டும். லாரியும் லாரியும் முட்ட வேண்டும். தினத்தாளில் போட்டோ வர வேண்டும். மரம் அறுக்கையில் விரல் போவது விபத்து இல்லை. அதற்குப் பெயர் ‘கை பட்டுட்டு’. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தால் ‘கால் தவறிட்டு’. கண்ணில் தீப்பொறி தெறித்தால் ‘கண்ணுல விழுந்துட்டு’. ஒவ்வொரு வாசலிலும் கட்டுப்போட்ட கையோடும் வீங்கிய காலோடும் நின்று, “விபத்தா? ஆண்டவன் புண்ணியத்துல அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்றார்கள். அவரும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனார்.

ஆற்றங்கரையில் ஒரு செங்கல் சூளை. அன்றைக்கு அவர் வேறு தெருவுக்குப் போயிருந்ததால் நான் மட்டும் போனேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். முதலில், “காயம் ஏதும் உண்டா?” என்று கேட்டுப் பார்த்தேன். ஓர் ஆச்சி உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து வந்து, “கொஞ்சம்தான் கெடக்கு, ரசத்துக்கா?” என்றாள். சரி என்று, “வேலையில எங்கயாவது அடிகிடி பட்டுச்சா?” என்று மாற்றினேன்.

அணை திறந்தது போல வந்தார்கள். கல் விழுந்த கால், நெருப்பில் வெந்த முழங்கை, மண் சரிந்து நெரிந்த இடுப்பு. எழுதி மாளவில்லை. வரிசையில் நின்ற ஓர் அக்கா, “எனக்கும் எழுது. நேத்துக்கூட அடி. தோளு தூக்க முடியல” என்றாள்.

“எதுல பட்டுச்சுக்கா? கல்லா?”

“கல்லா? அவந்தான். குடிச்சிட்டு வந்து வாரியக் கட்டையால போட்டான்.”

“எக்கா, நான் வேலையில பட்டதக் கேக்கேன்.”

“அவனுக்கு ஒல வைக்கிறது வேலை இல்லாம வெளையாட்டா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘ஆம்’ என்றே எழுதினேன்.

சாயங்காலம் சார் என் தாள்களைப் புரட்டினார். ‘ஆம்’, ‘ஆம்’, ‘ஆம்’. மெதுவாக நிமிர்ந்தார்.

“என்ன கேட்ட?”

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு அதே சூளைக்குப் போய், அதே ஆட்களை வரிசையாக நிறுத்தி, தாளைப் பிரித்து, விரலை வைத்து, “கடந்த பன்னிரண்டு மாதங்களில்” என்று ஆரம்பித்தார். முழங்கை வெந்தவன் யோசித்துவிட்டு, “விபத்தா? இங்கன லாரி வருது, போவுது, ஒண்ணும் இடிக்கல சார்” என்றான். ஒருவர் விடாமல் ‘இல்லை’. கால் நசுங்கியவள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு சொன்னாள், ‘இல்லை’. என் ‘ஆம்’களின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான் வெடித்தேன்.

“ஒத்தக்கால்ல நிக்கா சார் அவ! கண்ணு முன்னால நிக்கா!”

“நான் பாக்குறதுக்குக் கட்டம் இல்லம்மா. அவ சொல்றதுக்குத்தான் கட்டம்.”

“அவளுக்குப் புரியலல்லா?”

“சரி, நீ அடின்னு கேக்க. புருசன் அடிச்சதும் சேந்துட்டு. காசுமீருல ஒருத்தன் வேற வார்த்தையில கேப்பான். அசாம்ல இன்னொருத்தன் வேற மாதிரி. எல்லாத்தையும் டெல்லியில கூட்டுனா என்ன வரும்?”

“என்ன வரும்?”

“கூழு வரும்.”

“இப்ப மட்டும் என்ன வருது? வெறும் பானைதான வருது?”

பஸ் வந்தது. நான் முன்னால் ஏறிக்கொண்டேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. விட்டால் என் ‘ஆம்’களை அடித்து எழுதிய அந்த ‘இல்லை’தான் கடைசிப் பேச்சாக நின்றுவிடும் என்பதால் விடவில்லை.

அடுத்து எங்கள் ஊர். எந்தெந்த வீடு என்று அலுவலகத்தில் கணக்குப்போட்டு எடுத்ததில் எங்கள் வீடும் விழுந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் சொந்த வீட்டை நான் கணக்கெடுக்கக்கூடாது என்பது விதி. “நான் எடுக்கேன். நீ பக்கத்துல நிக்கலாம், பேசப்படாது” என்றார் சார்.

அம்மா பீடி சுற்றும் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் செய்தாள். அப்பா துவைத்த சட்டை போட்டு, வலது கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐப்பசியிலிருந்து அந்தத் துண்டு கைமேல்தான் கிடந்தது. பெல்ட் நழுவினால் மிஷினை நிறுத்தாமல் கையாலேயே தள்ளிவிடச் சொல்வது அந்த மில்லில் வழக்கம். அப்பா அதைச் சொல்லவே மாட்டார். “நான் பராக்குப் பாத்துட்டேன். மில்ல ஒண்ணும் சொல்லப்படாது” என்பார். அது உன் தப்பில்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மகள் சொல்வதை எந்த அப்பா காதில் வாங்கினார்?

சார் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு அந்தக் கேள்வி. விரல் நகர்ந்தது.

“இல்ல சார்” என்றார் அப்பா.

“எப்பா!”

“நீ பேசப்படாதுன்னு சொன்னேம்லா?” என்றார் சார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் வீட்டு நடுக்கூடத்தில், என் கண் முன்னால், என் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இந்த நாடு எழுதிக்கொள்ளப் போகிறது. பேனா தாளில் பட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

“சார், தப்பா நெனைக்கப்படாது. நான் படிக்காதவன். விபத்துன்னா என்னது?”

பேனா நின்றது.

அத்தனை நாளில், அத்தனை தெருவில், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. ஆபீசர் கேட்டால் எங்கள் ஆட்கள் பதில் சொல்வார்கள். திருப்பிக் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அப்பா கேட்டது, ஆபீசர் பக்கத்தில் தன் மகள் நிற்கிறாள் என்ற தைரியத்தில்தான் இருக்க வேண்டும்.

சார் பையைத் திறந்தார். எங்களிடம் இல்லாத, மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் கொடுத்திருந்த கையேட்டை எடுத்தார். கடைசிப் பக்கங்களில் ஒன்றைப் பிரித்தார். என்ன நினைத்தாரோ, எழுந்து நின்றுகொண்டு படித்தார்.

“விபத்து என்பது, பணி செய்கையிலோ, பணியின் காரணமாகவோ, எவருடைய தவறினால் ஆயினும், உடலுக்கு ஊறு நேர்ந்து, ஒரு நாளேனும் பணிக்குச் செல்ல இயலாமற்போகும் நிகழ்ச்சி எதுவும் ஆகும்.”

அப்பா புருவத்தைச் சுருக்கிக் கேட்டார். “அந்த நடுவுல உள்ளத மட்டும் இன்னொருக்கப் படிங்க சார்.”

“எவருடைய தவறினால் ஆயினும்.”

“அப்படின்னா, என் தப்பா இருந்தாலுமா?”

இந்த இடத்தில் எந்த மனிதரும் ‘ஆமாம்’ என்று சொல்லியிருப்பார். உள்ளபடி சார் விரலை வைத்து மூன்றாவது முறை படித்தார்.

“எவருடைய தவறினால் ஆயினும்.”

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கையைத் தாளுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி நீட்டி வைத்தார்.

“அப்ப இருக்கு சார். எழுதிக்கிடுங்க.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கலரை உடைத்துக் கொண்டுவந்தாள். எனக்கோ ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் ஆத்திரம். நான் மாதக்கணக்காகச் சொன்னது ஏறவில்லை. யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து அச்சடித்த, வாயில் நுழையாத அரை வரி ஏறிவிட்டது. தெருவுக்கு வந்ததும் கேட்டேன்.

“சார், இத ஏன் எல்லா வீட்டுலயும் படிக்கல?”

“அர்த்தம் கேட்டா படிக்கலாம்னுதாம்மா போட்டிருக்கு. யாரும் கேக்கலியே.”

“அந்தச் சூளையில…”

“கேக்கலியே.”

பையோடு சேர்த்து அவரையும் கன்னடியன் கால்வாயில் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றியது. சூளையின் தாள்கள் அதற்குள் கட்டி முத்திரை வைத்துப் போயிருந்தன. அவற்றை இனித் திறக்க முடியாது. அந்த ‘இல்லை’களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அடுத்த ஊர் மணிமுத்தாறு போகிற வழியில், கல் உடைக்கிறவர்கள் இருக்கிற ஊர். வீடுகளை முன்னதாகவே பார்த்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸிலேயே போனேன். குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். அச்சில் உள்ள கேள்வியில் கை வைக்கக்கூடாது என்றுதான் விதி. கேட்கப்படுகிறவர்கள் திருப்பி என்ன கேட்கலாம் என்பதற்கு விதி இல்லை.

“ஒரு சார் வருவாரு. விபத்துன்னு ஒரு கேள்வி கேப்பாரு. ஒடனே இல்லன்னு சொல்லப்படாது. ‘விபத்துன்னா என்ன’ன்னு திருப்பிக் கேக்கணும். அவ்வளவுதான்.”

“கேட்டா அடிக்க மாட்டாரே?”

“படிப்பாரு.”

“படிப்பாராம்ட்டி!” என்று ஒருத்தி சொல்ல, குடங்கள் அதிரச் சிரித்தார்கள்.

சார் வந்தார். முதல் வீட்டில் தாளைப் பிரித்துப் படித்தார். “விபத்துன்னா என்ன சார்?” பையைத் திறந்தார், கையேட்டை எடுத்தார், படித்தார். இரண்டாம் வீடு, “விபத்துன்னா என்ன சார்?” அடுத்த வீட்டுக்காரி அவர் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே கேட்டுவிட்டாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தி, கேள்வியை முழுதாகப் படித்து முடித்த பிறகே அவளைக் கேட்கவிட்டார். ‘எவருடைய தவறினால் ஆயினும்’ வரும் இடத்தில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைகள் நீண்டன, சட்டைகள் விலகின. கல் தெறித்த கண், உளி இறங்கிய கால். அவர் எழுதினார். நானும் எழுதினேன். மத்தியானத்துக்குள் அவர் குரல் கம்மிவிட்டது.

வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்த ஊருல எல்லாரும் ஒரே மாதிரி கேக்காங்களே.”

“ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கும் சார்.”

“ம்.” வாயைத் துடைத்துக்கொண்டார். “ஒரு வார்த்தகூட மாறாம கேக்காங்க. பரவால்ல.”

சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடைசி வீடு மேட்டில் இருந்தது. உச்சி வெயில். ஓர் அம்மா வெளியே வந்தாள். வலது கையின் விரல்கள் மடங்கியபடியே நின்றுபோயிருந்தன. சரிந்த கல் செய்த வேலை என்று காலையில் குழாயடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சார் கேள்வியைப் படித்தார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைச் சொறிந்தாள்.

“என்னமோ கேக்கணும்னு அந்தப் புள்ள சொல்லிச்சே சார். மறந்துட்டு.”

எனக்கு உயிரே போய்விட்டது. மாட்டிக்கொண்டேன் என்பதைவிட, இவள் இப்போது ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அவர் எழுதிவிடுவார் என்பதுதான் பயம். அவர் எழுதத்தான் செய்வார். ஒற்றைக்காலில் நின்றவளுக்கே எழுதியவர். நான் வாயைத் திறந்தேன்.

சார் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அப்போதுதான் பார்த்தேன்: கையேடு ஏற்கெனவே அவர் இடது கையில் இருந்தது. அந்தப் பக்கத்தில் கட்டைவிரல் இருந்தது.

“பைய யோசிங்கம்மா” என்றார் அவளிடம், கம்மிய குரலில். “அவசரம் ஒண்ணுமில்ல. நான் நிக்கேன்.”